'ஏழைகளுக்காக' என்று பெயர் வைத்த கட்சிக்கு ஏழைகள் ஏன் வாக்களிக்கவில்லை? பின்லாந்து அனுபவம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி
எழுதியவர்: கடலோரம் (பட்டர்வொர்த்)

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த் வட்டாரத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு மாதம் ஒரு முறை அரிசி, எண்ணெய், கோதுமை மாவு, பால்மாவு ஆகியவற்றைக் கொண்டு சேர்க்கும் சிறிய குழு ஒன்றில் நான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு கட்டடத்தில் மின்தூக்கி மீண்டும் பழுதாகிக் கிடந்ததால், பத்துக் கிலோ அரிசிப் பைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பதினொன்றாம் மாடிவரை படியேறினோம். அங்கே வாரம் மூன்று முறை டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போய்வரும் ஓர் அம்மா இருக்கிறார். "போகும்போது எப்படியோ இறங்கிவிடுகிறேன், தம்பி. திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன்" என்றார். படியின் ஓரத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஏன் போடப்பட்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இறங்கி வந்த பிறகு எங்கள் குழுவின் இளைஞர்கள் கொதித்துப் போனார்கள். தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிகளும் இந்தக் கட்டடத்துக்கு வந்து போகின்றன. எந்தக் கட்சியும் இவர்களுக்கென்று இல்லை. ஆகவே ஏழைகளுக்கென்றே ஒரு கட்சியைத் தொடங்கவோ, அடுத்த தேர்தலில் சுயேச்சையாக ஒருவரை நிறுத்தவோ வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதே முயற்சியைப் பின்லாந்தில் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். தேடிப் படித்ததில், 'கொயுஹியென் அசியல்லா' என்ற பெயரில், அதாவது ஏழைகளின் காரியமாக வந்தவர்கள் என்ற பொருளில், தெர்த்து சவோலா என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு கட்சி 2002 முதல் இயங்கியதாகத் தெரிகிறது. 2007, 2011, 2015 என்று மூன்று நாடாளுமன்றத் தேர்தல்களில் போட்டியிட்டும் அதற்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் பதிவான வாக்குகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட அதனால் இயலவில்லை. இன்று அது கட்சிப் பதிவேட்டிலேயே இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். அங்கே நம் மலேசியாவைப் போல ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர் என்ற முறை இல்லை; விகிதாசார முறை, அதாவது பெற்ற வாக்குகளின் விகிதத்துக்கேற்பக் கட்சிகளுக்கு இடங்கள். குறைந்தபட்சம் இத்தனை விழுக்காடு வாக்கு வேண்டும் என்ற சட்டத் தடையும் இல்லை என்கிறார்கள். அவ்வளவு திறந்த வாசல் இருந்தும் அந்தக் கட்சி ஏன் உள்ளே நுழைய முடியவில்லை? ஏழைகளே அதை ஏற்கவில்லையா, அல்லது வேறு காரணம் உண்டா? எங்கள் இளைஞர்களுக்கு நேர்மையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.


பதில் 1
எழுதியவர்: கணக்கு வாத்தியார் (சுங்கை ஆரா)

வாசல் திறந்திருக்கிறது என்பது பாதி உண்மைதான், தம்பி. மீதிப் பாதி கணக்கில் இருக்கிறது.

பின்லாந்து நாடாளுமன்றத்தில் 200 இடங்கள். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து வாக்குகளை எண்ணினால், அரை விழுக்காடு பெற்ற கட்சிக்குக்கூட ஓர் இடம் கிடைத்துவிடும். ஆனால் அங்கே நாடு பல தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 2011 வரை பதினைந்து, அதன்பின் சில மாவட்டங்களை இணைத்துப் பதின்மூன்று. ஒரு மாவட்டத்தில் விழுந்த வாக்கு அந்த மாவட்டத்துக்குள் மட்டுமே எண்ணப்படும். வடக்கே ஒரு மாவட்டத்தில் முந்நூறு, தெற்கே இன்னொன்றில் எண்ணூறு என்று சிதறிக் கிடக்கும் வாக்குகளை ஒன்றாகச் சேர்க்க வழியில்லை.

ஒரு மாவட்டத்துக்குள் இடங்களைப் பங்கிடும் முறையும் எளிதுதான். ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவரும் பெற்ற மொத்த வாக்குகள் அக்கட்சியில் முதலிடம் பெற்றவர் பெயரில் வரவு வைக்கப்படும். இரண்டாமவருக்கு அதில் பாதி, மூன்றாமவருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறங்கும். இப்படி எல்லாக் கட்சிகளின் எண்களையும் வரிசைப்படுத்தி, மேலிருந்து அந்த மாவட்டத்துக்குரிய இடங்கள் முடியும்வரை எடுப்பார்கள். ஆகவே ஓர் இடம் உறுதியாகக் கிடைக்க வேண்டுமானால், இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதனால் மொத்த வாக்குகளை வகுத்து வரும் எண்ணைத் தாண்ட வேண்டும். 2011இல் மிகப் பெரிய மாவட்டமான ஊசிமாவில் 35 இடங்கள். அங்கே ஏறத்தாழ 2.8 விழுக்காடு தேவைப்பட்டது. 21 இடங்கள் கொண்ட ஹெல்சிங்கியில் 4.5 விழுக்காடு. 7 இடங்கள் மட்டுமே கொண்ட லாப்லாந்தில் 12.5 விழுக்காடு. சட்டத்தில் தடை எழுதப்படவில்லை, கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஊசிமா அளவுள்ள மாவட்டத்தில் ஐந்து லட்சம் பேர் வாக்களிப்பதாக வைத்துக்கொண்டால், பதினான்காயிரம் வாக்குகளை நெருங்கினால்தான் இடம் உறுதி. நாடு முழுவதும் சில ஆயிரம் வாக்குகள் பெறும் கட்சிக்கு அது எட்டாத உயரம்.

இதிலிருந்து தப்பிக்க அங்கே ஒரு வழி உண்டு. இரண்டு மூன்று கட்சிகள் தேர்தல் உடன்பாடு செய்துகொண்டால், அவற்றின் வாக்குகள் ஒரே பட்டியலாக எண்ணப்படும். ஆனால் அந்தப் பட்டியலில் அதிகத் தனிப்பட்ட வாக்குப் பெற்றவர் எவரோ அவரே முதலில் உள்ளே போவார். சிறிய கட்சியில் ஊரறிந்த ஒருவர் இருந்தால் கூட்டாளிகளின் வாக்குகளும் சேர்ந்து அவரை மேலே தூக்கும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால், சிறிய கட்சி மற்றவருக்கு ஏணியாக நின்றுவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு கட்சி பதிவு பெற வாக்குரிமை உள்ள 5,000 பேரின் கையொப்பம் வேண்டும். பதிவு பெற்ற பிறகு தொடர்ந்து இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களில் ஓர் இடமும் பெறாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். திரும்ப வர வேண்டுமானால் மறுபடியும் 5,000 கையொப்பம் திரட்ட வேண்டும். அரசு கட்சிகளுக்குக் கொடுக்கும் மானியமோ நாடாளுமன்றத்தில் பெற்ற இடங்களின் எண்ணிக்கைப்படி பங்கிடப்படுகிறது. இடமில்லாத கட்சிக்கு ஒரு காசும் இல்லை. பணமில்லாதவர்களுக்காகப் பேசும் கட்சி பணமில்லாமலேயே எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிறந்து பிறந்து வர வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.


பதில் 2
எழுதியவர்: செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

வாத்தியார் ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கட்சிக்கு விழுந்த வாக்கே ஆயிரத்தில் ஒன்றுதான் என்பதைக் கணக்கு மட்டும் விளக்காது. நான் 2010 முதல் 2014 வரை வேலை நிமித்தம் ஹெல்சிங்கியில், கல்லியோ என்ற பழைய தொழிலாளர் பகுதியில் குடியிருந்தேன். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில், ஹெல்சிங்கின்காத்து தெருவில், ஹுர்ஸ்தி குடும்பத்தின் அறநிலையம் உணவு கொடுக்கும் இடம் இருந்தது. வெய்க்கோ ஹுர்ஸ்தி என்பவர் தொடங்கிய பணியை அவர் மறைந்த பிறகு மகன் ஹெய்க்கி நடத்தி வந்தார். குளிர்காலக் காலையில், வெளிச்சம் வராத நேரத்தில், வரிசை சுவரை ஒட்டித் தெருமுனை வரை நீண்டிருக்கும். இதை அங்கே ரொட்டி வரிசை என்றே சொல்வார்கள். நம் ஊர்க் கோயில் அன்னதான வரிசையில் இருக்கும் பேச்சும் சிரிப்பும் அங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி. முகத்தைக் கழுத்துத் துணிக்குள் இறக்கிக்கொண்டு, சக்கரம் வைத்த துணிப்பையின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பார்கள். என் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்த ஒரு முதியவரை ஒரு நாள் அந்த வரிசையில் பார்த்து, பழக்க தோஷத்தில் தலையசைத்துவிட்டேன். அதன்பின் மாடிப்படியில் என்னைக் கண்டால் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அப்படிக் கூசி நிற்கும் மனிதரிடம் போய், 'ஏழைகளின் கட்சி' என்ற பெயருக்கு எதிரே உள்ள எண்ணை எழுதுங்கள் என்றால், அவர் முதலில் தன்னை ஏழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலையிழந்தவர் தன்னை வேலையிழந்த தச்சர் என்று நினைக்கிறார். ஓய்வூதியக்காரர் தன்னை வரி கட்டி நாட்டை வளர்த்த தலைமுறை என்று நினைக்கிறார். தனியே பிள்ளை வளர்ப்பவர் தாய் என்று நினைக்கிறார். 'ஏழை' என்பது மற்றவர் அவர்கள் மேல் ஒட்டும் சீட்டு. அந்தக் கட்சியினர் மரியாதைக்குரியவர்கள். ஒளித்து வைக்கப்பட்ட ஒன்றை வெளிப்படையாகப் பெயரிட்டுச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெயரின் கீழ் வந்து நிற்க மனிதர்கள் தயங்கினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

2011 ஏப்ரல் தேர்தலின்போது சாலையோரங்களில் மாநகராட்சி நிறுத்திய நீண்ட விளம்பரப் பலகைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சட்டகம். பெரிய கட்சிகளின் சட்டகங்களில் சிரித்த முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கடைசிச் சட்டகங்கள் சிலவற்றில் ஒரே ஒரு தாள், சிலவற்றில் வெறும் பலகை. அடுத்த ஆண்டு நகராட்சித் தேர்தலில் நானே வாக்களித்தேன். வெளிநாட்டவரும் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தால் அங்கே நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நடுவே ஒரு வட்டம் அச்சிட்ட, மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். மறைப்புக்குள் போய் அந்த வட்டத்தில் வேட்பாளரின் எண்ணைக் கையால் எழுத வேண்டும். 1, 7 ஆகிய எண்களை எப்படி எழுத வேண்டும் என்று மாதிரி ஒட்டியிருந்தது. எழுதி மடித்துக் கொண்டுவந்தால் அலுவலர் முத்திரை குத்துவார். பிறகு பெட்டியில் போடலாம். அந்த வட்டத்துக்குள் கட்சியின் பெயர் இல்லை, சின்னம் இல்லை, ஓர் ஆளின் எண் மட்டும். ஆகவே அங்கே வாக்கு என்பது 'எனக்கு யாரைத் தெரியும்' என்ற கேள்விக்கான பதில். ஏழைகளுக்கான கட்சியின் வேட்பாளர்களை யாருக்குத் தெரியும்?

மேலும், அந்தக் கட்சி கேட்டவற்றைப் பெரிய கட்சிகள் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேற்றிக்கொண்டே இருந்தன. 2011 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தைய மாதம், மார்ச்சில், மிகக் குறைந்த ஓய்வூதியம் பெறுவோருக்கு மாதம் ஏறத்தாழ 688 யூரோ உறுதி செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேர்தலுக்குப் பின் அமைந்த ஆறு கட்சிக் கூட்டணி அரசில் இடதுசாரிக் கூட்டணியும் சேர்ந்தது; 2012 தொடக்கத்தில் வேலையில்லாதோருக்கான அடிப்படை உதவித்தொகை மாதம் 100 யூரோ உயர்ந்தது. அந்த 100 யூரோ தன் கைக்கு வந்தவர், அடுத்த முறை அதைப் பெற்றுத் தந்த கட்சிக்கு வாக்களிப்பாரா, அல்லது ஒருபோதும் அரசில் அமரப் போகாத கட்சிக்கு வாக்களிப்பாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருமானம் குறைந்தவர்களில் வாக்குச்சாவடிக்கே போகாதவர்கள் அங்கேயும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.


பதில் 3
எழுதியவர்: பழைய தோட்டத்துப் பிள்ளை (ஜெலுத்தோங்)

செந்தூல்வாசி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். 'ஏழை' என்ற பெயர்தான் முதன்மைக் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. கைவிடப்பட்டவர்கள் என்ற பெயரில் பின்லாந்திலேயே ஒருவர் வெற்றி பெற்றிருக்கிறார். வெய்க்கோ வென்னமோ என்பவர் 1959இல் விவசாயிகள் கட்சியிலிருந்து பிரிந்து சிறு விவசாயிகளுக்கென ஒரு கட்சி தொடங்கினார். 1962இல் ஓர் இடமும் இல்லை. 1966இல் ஒன்றே ஒன்று. 1970இல் 10.5 விழுக்காடு வாக்குடன் 18 இடங்கள். அவர் பேசியது 'மறக்கப்பட்ட மக்களை'ப் பற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கரேலியாப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியேற்றும் அரசுப் பணிக்குத் தலைமை வகித்தவர் அவர். காடு வெட்டி, கல் பொறுக்கி நிலம் திருத்திய அந்தக் குடும்பங்களுக்கு அவரை நேரில் தெரியும், முகம் தெரியும். 1960களின் இறுதியில் சிறு பண்ணைகள் நொடித்து, இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சுவீடனுக்குக் கப்பலேறியபோது, அந்தக் குடும்பங்களுக்கு வாக்களிக்க ஒரு மனிதர் ஏற்கெனவே இருந்தார்.

அதே கட்சி 1995இல் கடனில் மூழ்கியபோது, அதன் எச்சத்திலிருந்து இன்றைய உண்மை பின்லாந்தியர் கட்சி பிறந்தது. 1999இல் 1 இடம், 2003இல் 3, 2007இல் 5, 2011இல் 39. ஏழைகளுக்கான கட்சி தடுமாறிய அதே ஆண்டுகள். அதிருப்தி இல்லாமல் போகவில்லை. அது இந்தக் கட்சியின் தலைவர் தீமோ சொய்னி என்ற நன்கு அறிமுகமான பேச்சாளரிடம் போய்ச் சேர்ந்தது. குடியேறிகள் பற்றிய அக்கட்சியின் பேச்சு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஒரு நாட்டின் வறியவர்களின் கோபம் அந்தப் பக்கம் திரும்பியது எனக்கு வருத்தமே. ஆனால் நடந்தது அதுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம், தம்பி. மலேசிய சோசலிசக் கட்சி 1998இல் பதிவுக்கு விண்ணப்பித்துப் பத்து ஆண்டுகள் காத்திருந்து 2008இல்தான் பதிவு பெற்றது. அக்கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் 1999, 2004 தேர்தல்களில் தோற்றார். 2008இல், 1974 முதல் அத்தொகுதியைத் தன்வசம் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவைத் தோற்கடித்தார். 2013இலும் வென்றார். அந்த இரண்டு வெற்றிகளும் மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில் கிடைத்தவை. 2018இல் சொந்தச் சின்னத்தில் நின்றார், தோற்றார். அதே மருத்துவர், அதே சேவை, அதே தோட்டப்புற மக்கள். ஒருவர் மட்டுமே வெல்லக்கூடிய தொகுதியில், ஆட்சி மாறுமா மாறாதா என்ற கேள்வி எழுந்துவிட்டால், நல்லவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார். நாடாளுமன்றத் தொகுதிக்கு 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு பெறாவிட்டால் அது பறிபோகும். உங்கள் குழுவின் 5,000 ரிங்கிட்டில் எத்தனை மாதத்து அரிசி இருக்கிறது என்பதை உங்கள் இளைஞர்கள் கணக்கிட வேண்டும்.

பின்லாந்தில் சிறிய கட்சிக்கு இன்னொரு படி உண்டு; நமக்கு அது இல்லை. ஹெல்சிங்கி நகராட்சி மன்றத்தில் 85 இடங்கள். வாத்தியார் ஐயாவின் கணக்குப்படி 1.2 விழுக்காடு இருந்தால் உள்ளே போகலாம். குப்பை, மின்தூக்கி, வாடகை வீடு ஆகியவை பேசப்படும் இடம் நகராட்சி. நமக்கும் அது இருந்தது. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரின் முதல் மேயரானவர் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். அவர் பெயரில் இன்றும் பினாங்கில் ஒரு சாலை இருக்கிறது. அதன் வழியே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்? 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976 சட்டத்தோடு முற்றாக நீங்கின. ஏழைகள் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பக்கூடிய மிகத் தாழ்ந்த படியையே எடுத்துவிட்டு, மேல்படிக்குத் தாவிப் பிடி என்று சொல்வது நியாயமில்லை.


பதில் 4
எழுதியவர்: கணக்கு வாத்தியார் (சுங்கை ஆரா)

ஒரு சிறு சேர்க்கை. பின்லாந்தில் 2019இல் ஹார்ரி ஹர்க்கிமோ என்ற தொழிலதிபரின் புதிய அமைப்பு ஒரே ஓர் இடத்தைப் பிடித்தது; ஊசிமா மாவட்டத்தில். இடங்கள் அதிகமுள்ள மாவட்டமும் ஏற்கெனவே ஊரறிந்த முகமும் சேர்ந்ததால் அது நடந்தது. செந்தூல்வாசியும் பழைய தோட்டத்துப் பிள்ளையும் சொல்வது இதில் ஒன்றாகிறது: அந்த வட்டத்துக்குள் எழுத மக்களுக்கு ஒரு பெயர் வேண்டும்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கடலோரம் (பட்டர்வொர்த்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு நேற்றிரவு குழுக் கூட்டத்தில் வாசித்தேன். ரொட்டி வரிசையில் நின்ற முதியவரைப் பற்றி வாசித்தபோது யாரும் பேசவில்லை. நாங்கள் பொட்டலம் கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கம் இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று எங்களில் மிக இளையவரே சொன்னார், அனைவரும் ஏற்றுக்கொண்டோம்.

கட்சி தொடங்கும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். கைவிடவில்லை என்று இளைஞர்கள் என்னிடம் எழுதி வாங்காத குறைதான். முதல் வேலையாக, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டிலும் கையொப்பம் வாங்கி, மின்தூக்கி எந்தெந்த நாள்களில் ஓடவில்லை என்ற பதிவேட்டுடன் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு நேரில் போகிறோம். பதிவேட்டை எழுதும் பொறுப்பைப் பதினொன்றாம் மாடி அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார். மனுவின் தலைப்பில் 'ஏழைக் குடும்பங்கள்' என்று நாங்கள் எழுதியிருந்ததை அவர் அடித்துவிட்டு, 'இக்கட்டடத்தின் குடியிருப்பாளர்கள்' என்று திருத்தினார்.

பழைய தோட்டத்துப் பிள்ளை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். 1965க்கு முன் ஜார்ஜ்டவுனில் ஊராட்சித் தேர்தல் எப்படி நடந்தது, வட்டாரம் வட்டாரமாக எப்படி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைத் தனி இழையாக எழுத இயலுமா? எங்கள் இளைஞர்களில் ஒருவருக்கும் அப்படி ஒரு தேர்தல் இருந்ததே தெரியாது.